பாத்திரங்கள் திரும்பி வந்த நாள்

வாலிகண்டபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நாலு கிலோமீட்டர் போனால் அந்த ஊர் வரும். அதன் மேட்டுத்தெருவில் வெற்றிச்செல்விக்குத் தெரியாத உடம்பு கிடையாது. யாருக்குப் பிரஷர் எவ்வளவு, யாருக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் சுகர் எவ்வளவு, யார் மாத்திரையை முழுங்கிவிட்டதாகப் பொய் சொல்லிவிட்டு எருக்குழியில் வீசுகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவள் வேலை பார்க்கும் திட்டத்துக்கு மக்களைத் தேடி மருத்துவம் என்று அரசாங்கம் வைத்த பேர் நீளமாக இருப்பதால், ஊர்க்காரர்கள் அவளை மாத்திரைக்காரம்மா என்று சுருக்கிக்கொண்டார்கள். வயது நாற்பத்தொன்று. தோளில் ஒரு பை. பைக்குள் பிரஷர் மிஷின், விரலில் குத்திப் பார்க்கும் சுகர் மிஷின், மாத்திரை அட்டைகள், ஒரு நோட்டு. புருஷன் இளையபெருமாள் எறையூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறார். மகள் அபிநயா நர்சிங் படிக்கிறாள்.

வெற்றிச்செல்விக்கு வாயோ சும்மா இருக்காது. "ஏங்க்கா, நேத்து கல்யாண வூட்டுல எத்தன லட்டு உள்ள போச்சு? பொய் சொன்னா மிஷினு காட்டிக் குடுத்துரும்" என்று வாசலில் இருந்தே ஆரம்பிப்பாள். மூலம், வெள்ளைப்படுதல், புருஷன் பொண்டாட்டி சண்டை, எதையும் யாரிடமும் கேட்டுவிடுவாள். கூச்சம் என்பதைப் பொறக்கும்போதே மறந்து வந்துவிட்டாள் என்று மாமியார் சொல்வது சரிதான்.

ஆனால் ஒரு கேள்வியை மட்டும் அவள் யாரிடமும் கேட்டதில்லை. போன வருஷம் பயிற்சியில் ஒரு டாக்டரம்மா அந்தக் கேள்வியைத்தான் சொல்லிக்கொடுத்தார். மனசு ஒடிந்து போனவர்களைப் பார்த்தால், "செத்துடலாம்னு நினைப்பு வருதா?" என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் இல்லாத நினைப்பு புதிதாக வந்துவிடாது, இருக்கிற நினைப்பை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைக்கும் என்றார். கூடியிருந்த பெண்கள் எல்லாரும், ஐயையோ, விளக்கு வைக்கிற வீட்டில் போய் அந்த வார்த்தையைச் சொல்வதா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வெற்றிச்செல்வி மட்டும், அப்படிப்பட்டவர்கள் கூப்பிட்டுப் பேச டாக்டரம்மா கொடுத்த 14416, 104 என்ற இரண்டு நம்பரையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு, அந்தப் பக்கத்தை அதற்கப்புறம் திறக்கவே இல்லை.

மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை. காலை ஏழு மணிக்கு அவள் பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் அய்யம்பெருமாள் வந்து நின்றார். தெருக்கோடி வீடு. ஐம்பத்தாறு வயது, சுகர்க்காரர். மனைவி பொன்னம்மாள் போன வைகாசியில் மாரடைப்பில் போய்விட்டாள். அதிலிருந்து தாடியும் அழுக்கு வேட்டியுமாகத் திரிந்த மனுஷர், அன்றைக்கு முகம் மழித்து, குளித்து, வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். கையில் மூடி போட்ட ஒரு எவர்சில்வர் சம்படம்.

"உன்னோடதும்மா. அடியில பேரு வெட்டியிருக்கு. எப்ப வாங்கியாந்தாளோ, எங்கூட்டுலயே கெடக்குது" என்றார்.

திறந்து பார்த்தால் உள்ளே வழிய வழியச் சின்ன வெங்காயம்.

"இது எதுக்குண்ணே?"

"வெறும் பாத்திரமாத் திருப்பிக் குடுத்தா அவளுக்குப் புடிக்காதும்மா."

"உள்ள வாங்கண்ணே, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போவலாம்."

"இருக்கட்டும்மா. இன்னும் நாலு வூடு போவணும்."

அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. ஒன்பது மாதமாக அவள் பார்க்காத தெளிவு. வெற்றிச்செல்விக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. உள்ளே போய், "அண்ணன் தேறிட்டாருங்க" என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, சம்படத்தை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

முதல் வீடு சம்பூர்ணத்தினுடையது. சம்பூர்ணம் வாசலில் இட்லிப் பானையைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "பாத்தியா வெற்றி, நாலு வருஷமாத் தொலஞ்சு போச்சுன்னு நெனச்ச பானை. அய்யம்பெருமாளு வந்து குடுத்துட்டுப் போறாரு. ஒரு படி வெங்காயம் வேற. பொண்டாட்டி வாங்குனத ஞாபகமாத் திருப்பிக் குடுக்குற ஆம்பள இந்த ஊர்ல எவன் இருக்கான் சொல்லு!"

"எனக்கும் என் சம்படம் வந்துச்சுக்கா" என்று சிரித்தாள் வெற்றிச்செல்வி.

இரண்டாவது வீடு ரத்தினம்மாள் பெரியம்மாவினுடையது. அங்கே ஒரு பித்தளைத் தாம்பாளம் திரும்பி வந்திருந்தது. பெரியம்மா அதைக் கட்டிலில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "தங்கமான மனுசன்டி. பேச்சுல ஏதாச்சும் தப்பிருந்தா மனசுல வச்சுக்காதீங்கன்னு என் கையப் புடிச்சுச் சொல்லிட்டுப் போறாரு. கண்ணு கலங்கிப் போச்சு எனக்கு" என்றாள்.

பெரியம்மாவின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்று அடித்துக்கொண்டிருந்த வெற்றிச்செல்வியின் கை அப்படியே நின்றது. காற்று புஸ்ஸென்று இறங்கிவிட்டது. மறுபடி அடித்தாள். மிஷினில் எண் ஓடியது, அவள் கண்ணில் ஏறவில்லை.

"எத்தனடி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு பெரியம்மா" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். வேலைக்கு வந்த நாளிலிருந்து அவள் சொன்ன முதல் பொய்க்கணக்கு அதுதான்.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். ராஜராஜன் என்று பேர். பதினாலு வருஷத்துக்கு முன்னால், இருபத்து மூணு வயதில், ஒரு நாள் சாயங்காலம் இவளிடம் வாங்கிப் போயிருந்த டார்ச் லைட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். புது பேட்டரி போட்டிருந்தான். வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கமே இல்லாத பயல். "அட, பொறுப்பு வந்துருச்சுடா உனக்கு" என்று அவன் கன்னத்தைக் கிள்ளினாள். அவனும் சிரித்தான். மறுநாள் அவன் இல்லை. காரியத்துக்கு வந்த கூட்டாளிகள் ஒவ்வொருத்தனாகச் சொன்னார்கள்: முந்தின நாளுதான் என் சட்டையைக் குடுத்தான், என் கிரிக்கெட் பேட்டைக் குடுத்தான், என் ஹெட்போனைக் குடுத்தான். அத்தனை பேரிடமும் ஒரே நாளில் கொடுத்திருக்கிறான். அத்தனை பேரும் தனித்தனியாகச் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள்.

போலீசில் எழுதிக் கொடுத்தது வயிற்று வலி என்று. தீராத வயிற்று வலி தாங்க முடியாமல். இந்தப் பக்கத்தில் எத்தனை பேருக்குத்தான் இந்த வயிற்று வலியோ! எந்த டாக்டரும் பார்க்காத, எந்த ஸ்கேனிலும் தெரியாத வயிற்று வலி. யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லவேண்டும் என்று அப்பா சொன்னார். பதினாலு வருஷமாக அவளும் அதைத்தான் சொல்லி வருகிறாள், பெற்ற மகளிடம்கூட.

ரத்தினம்மாள் வீட்டுப் படி இறங்கினாள் வெற்றிச்செல்வி. சேச்சே, அப்படியெல்லாம் இருக்காது என்று சொல்லிக்கொண்டாள். பொண்டாட்டி செத்து ஒன்பது மாதம் ஆகிறது, அடுக்களையை ஒழுங்கு பண்ணுகிறார், அவ்வளவுதான். முகம் எவ்வளவு தெளிவாக இருந்தது! ராஜராஜன் முகமும் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

மூன்றாவது மாயவன் சித்தப்பா வீடு. அய்யம்பெருமாள் வாங்கிப் போயிருந்த கடப்பாரையும் ஏணியும் திரும்பி வந்து சுவரில் சாய்ந்திருந்தன. அவற்றைப் பார்த்தே அவளுக்குப் பாதி உயிர் போயிற்று. மீதி, மரத்தடியில் கட்டியிருந்த வெள்ளாட்டைப் பார்த்ததும் போயிற்று. பொன்னம்மாள் குட்டியாக வாங்கிப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த ஆடு.

"இது ஏன் இங்க கட்டியிருக்கு?"

"அய்யம்பெருமாளு மவ வூட்டுக்குத் திருப்பூர் போறாராம். கொஞ்ச நாளு பாத்துக்கன்னு கட்டிட்டுப் போறாரு" என்றார் மாயவன்.

அப்பாடா, திருப்பூரா! அவளுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சை நம்பாமல் அங்கேயே நின்று போனை எடுத்து அவர் மகள் முத்தமிழைக் கூப்பிட்டாள். "என்னம்மா, அப்பா அங்க வராராமே?"

"இல்லியே அத்தை. நேத்து ராத்திரி பேசுனாரு. நல்லாயிரு, புள்ளைங்கள நல்லாப் பாத்துக்கன்னாரு. வரேன்னு சொல்லலியே. ஏன் அத்தை?"

"ஒண்ணுமில்லம்மா. போன மட்டும் கையிலயே வச்சிரு. நான் கூப்புடுறேன்."

போனை வைத்துவிட்டு மாயவனைப் பார்த்தாள். "சித்தப்பா, என்கூட வாங்க. அண்ணன் வூட்டுக்கு. எனக்கு பயமா இருக்கு. அவரு ஏதாச்சும் பண்ணிக்குவாரோன்னு பயமா இருக்கு."

"என்னா பேச்சுப் பேசுற நீ?" மாயவன் கோபப்பட்டார். "கருக்கல்ல எழுந்திரிச்சு ஊருக்கு நல்லது பண்ண மனுசன். அவரப் போயி… வாயக் கழுவு மொதல்ல."

"வாயக் கழுவிக்கிட்டே வரேன், நீங்க நடங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே துண்டை எடுத்துத் தோளில் போட்டார். அவள் காத்திருக்கவில்லை. முதலில் நடந்தாள், அப்புறம் ஓடினாள். தோள்பை இடுப்பில் இடித்தது. எதிரே வந்த யாரோ என்னாச்சு என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அந்த இருநூறு அடித் தெருவில் அவள் கும்பிடாத சாமி இல்லை. சிறுவாச்சூர் காளியம்மாவுக்கு என்ன வேண்டிக்கொண்டாள் என்பது அவளுக்கே பிற்பாடு ஞாபகம் வரவில்லை.

கதவு சாத்தியிருந்தது. "அண்ணே!" என்று தட்டினாள். சத்தமில்லை. "அண்ணே, நான் வெற்றி. சுகர் பாக்கணும், கதவத் தொறங்க!" உள்ளே எதுவும் அசையவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வீடு முழுக்கக் கூட்டிப் பெருக்கி, தரை கழுவி, அடுக்களை அலமாரி காலியாக, பொன்னம்மாள் படத்தில் புதுப் பூவோடு இருந்தது. அந்தச் சுத்தம்தான் அவளைப் பயமுறுத்தியது. திரும்பிப் பார்த்தாள். மாயவன் இன்னும் பாதித் தெருவில்தான் வந்துகொண்டிருந்தார்.

சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்னால் போனாள். பத்தடி தூரம்தான். அந்தப் பத்தடியைக் கடக்க அவள் பட்ட பாடு இருக்கிறதே, அதை எதிரிக்கும் நினைக்கக்கூடாது.

துவைக்கிற கல்லின்மேல் அய்யம்பெருமாள் உட்கார்ந்திருந்தார். உயிரோடு உட்கார்ந்திருந்தார். மடியில் கை இரண்டையும் வைத்துக்கொண்டு வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு அழுகை வந்தது, அடக்கினாள். பக்கத்தில் போய்த் தரையிலேயே உட்கார்ந்தாள். மாயவன் மூலையில் தலையை நீட்ட, அங்கேயே நில்லுங்கள் என்று கையைக் காட்டினாள்.

"சாப்புட்டீங்களாண்ணே?"

"ம்."

"மாத்திரை போட்டீங்களா?"

"மாத்திரையெல்லாம் எடுத்து மடிச்சு வச்சிருக்கேம்மா. வேற யாருக்காச்சும் குடுத்துடு. வீணாப் போவ வேணாம்."

நல்லது என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். ஊரில் எல்லாரும் அன்றைக்கு அதைத்தான் செய்தார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும். கேட்டு, அவர் சிரித்துவிட்டால்? கேட்டதாலேயே அது நடந்துவிட்டால்? அவள் வாயைத் திறந்தபோது வந்தது வேறொன்று.

"எங்க ராஜராஜன் வயித்து வலில சாவலண்ணே. அவனாத்தான் செத்தான்."

அய்யம்பெருமாள் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். "தெரியும்மா" என்றார்.

"தெரியுமா?"

"ஊருக்கே தெரியும். நீ அழுவியேன்னுதான் யாரும் கேக்குறதில்ல."

பதினாலு வருஷம். அவள் ஊரிடம் மறைத்தாள், ஊர் அவளிடம் மறைத்தது. எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை எல்லாருமாகச் சேர்ந்து பொத்தி வைத்திருக்கிறார்கள். அவளுக்கு ஆத்திரமாக வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

"அவன் முந்தின நாளு வந்து என் டார்ச் லைட்டத் திருப்பிக் குடுத்தான்" என்றாள். "நான் சிரிச்சிக்கிட்டே வாங்கி வச்சிக்கிட்டேன். ஏன்டான்னு ஒரு வார்த்த கேக்கல. இன்னிக்குக் காலையில உங்க கையிலேருந்தும் அதே மாதிரிதான் வாங்கி வச்சேன். இப்ப கேக்காம போவ மாட்டேன். அண்ணே, செத்துடலாம்னு நெனப்பு இருக்கா உங்களுக்கு?"

கேட்டுவிட்டாள். வானம் இடிந்து விழவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கோழி கொக்கரித்துக்கொண்டிருந்தது. அய்யம்பெருமாள் வேட்டி நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். நாசமாய்ப் போக, ஏன் கேட்டோம் என்றுகூட அவளுக்கு வந்தது.

"ஆமாம்மா" என்றார். உதடு கோணியது. "இன்னிக்குத்தான்."

பிறகு அவர் அழுதார். ஒன்பது மாதமாக எல்லாரும் நெஞ்சை நிமிர்த்து, ஆம்பளை அழக்கூடாது என்று தேற்றிய மனுஷர், இரண்டு முழங்காலுக்கு நடுவே தலையை வைத்துக்கொண்டு குலுங்கினார். மூன்று மாதமாகத் தூக்கமே இல்லை என்றார். சோறு மண் மாதிரி இருக்கிறது, யாருக்கும் தான் வேண்டாம், மகளுக்குப் பாரம் என்றார். அவள் அதற்கெல்லாம் பதில் சொல்லவில்லை, அப்படிச் சொல்லாதீங்க என்றுகூடச் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்க, சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் ஓய்ந்ததும், எப்படி என்று ஏதாவது யோசித்து வைத்திருக்கிறாரா என்று கேட்டாள். அவர் கண் பின்கட்டுப் பக்கம் போனது. மாயவனைக் கூப்பிட்டு, அங்கே இருந்ததை எடுத்துக்கொண்டுபோய் அவர் வீட்டில் பூட்டி வைக்கச் சொன்னாள். வாயைக் கழுவச் சொன்ன மாயவன் ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. "ஏன்டா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்று அய்யம்பெருமாளின் தோளில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை.

வெற்றிச்செல்வி நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். 14416 என்று அழுத்தினாள். எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது என்று டாக்டரம்மா சொன்னது உண்மைதானா என்று அந்த நிமிஷத்தில் சந்தேகமாக இருந்தது. தமிழில் ஒரு பெண் பேசினாள். நிதானமான குரல். போனை அய்யம்பெருமாள் கையில் கொடுத்தாள். முதலில் ஊம், ஊம் என்றவர் போகப் போகப் பேசினார். முக்கால் மணி நேரம் பேசினார். அதற்குள் மாயவன் போனில் சொல்லி, முத்தமிழ் திருப்பூரில் பஸ் ஏறிவிட்டாள்.

மத்தியானமே மூன்று பேருமாக ஆட்டோ பிடித்துப் பெரம்பலூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே மனநலப் பிரிவு டாக்டர், இதுவும் சுகர் மாதிரி ஒரு வியாதிதான், வைத்தியம் இருக்கிறது, ஆனால் இரண்டு நாளில் தீராது, இப்போதைக்கு ஆளைத் தனியாக விடாதீர்கள் என்றார். விடவில்லை. முத்தமிழ் ஒரு மாதம் தங்கினாள். மாயவன் ராத்திரி அங்கேயே பாய் போட்டுப் படுத்தார். குறட்டை தாங்க முடியவில்லை என்று அய்யம்பெருமாள் புகார் சொன்ன அன்றைக்குத்தான் வெற்றிச்செல்வி கொஞ்சம் தூங்கினாள்.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், அடுப்பு மேடையிலிருந்த சம்படத்து வெங்காயத்தைக் கூடையில் கொட்டிவிட்டு, அதில் ரசம் ஊற்றித் திரும்ப அவர் வீட்டுக்கே கொண்டுபோனதுதான். "இது இங்கதான் இருக்கணும். நான் கேக்குற வரைக்கும் குடுக்கக்கூடாது" என்றாள். சம்பூர்ணத்தின் இட்லிப் பானையும் மறுநாள் அங்கே போயிற்று. ஆட்டை மாயவனே ஓட்டிக்கொண்டு வந்து கட்டினார்.

பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். இப்போதும் அவள் தினமும் காலையில் முதலில் அந்தத் தெருக்கோடிக் கதவைத்தான் தட்டுகிறாள். திறக்க அரை நிமிஷம் ஆனால் ஜன்னலுக்குப் போய்விடுவாள். மற்ற வீடுகளிலும் அந்தக் கேள்வியைக் கேட்கிறாள். யார் வீட்டிலாவது வயிற்று வலி என்று பேச்சு வந்தால், உட்கார்ந்து முழுசாகக் கேட்காமல் எழுவதில்லை. மகளிடமும் ராஜராஜன் மாமாவைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

ஆடி மாதம், ஒரு காலை. அதே ஏழு மணி. வாசலில் அய்யம்பெருமாள் நின்றார், கையில் அதே சம்படம்.

வெற்றிச்செல்வி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் சம்படத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, அவராகக் கொண்டுவந்திருக்கிறார். முகம் தெளிவாக இருந்தது.

"என்னண்ணே?" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அவர் சம்படத்தை நீட்டினார். அவள் வாங்கவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், புரிந்துகொண்டார், தலையைக் குனிந்துகொண்டார்.

"பயந்துட்டியாம்மா? நாலு நாளா மறுபடி அந்த நெனப்பு வருது. அதச் சொல்லத்தான் வந்தேன்" என்றார். "சும்மா எப்புடி வர்றதுன்னு இத எடுத்தாந்தேன். ரசம் இருந்தா ஊத்திக் குடு. ஆஸ்பத்திரிக்குப் போவணும், கூட வா."

அவள் சம்படத்தை வாங்கினாள். ரசத்தை ஊற்றி, தளும்பாமல் மூடி, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கூட நடந்தாள்.